ஏழாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

பலெர்மோவில் மனிதர்கள் தங்கள் எலும்புகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நான் வேலை செய்யும் வீடு லிபெர்த்தா பகுதியில், நான்காம் மாடியில். அந்த வீட்டுச் சிஞ்ஞோரா தன் இடுப்பை எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பெரிய உறையிலிருந்து உருவி, யன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லுவா. அந்தப் படத்தை இங்கே லாஸ்த்ரா என்கிறார்கள். கீழ்வீட்டுக்காரி தன் முழங்கால் லாஸ்த்ராவோடு மேலே வருவா. இரண்டு பேருமாக அதையும் இதையும் ஒப்பிட்டுக் கோப்பி குடிப்பார்கள். பஸ்ஸிலும் கண்டிருக்கிறேன், மடியில் உறையை வைத்திருக்கும் கிழவர் பக்கத்திலிருக்கும் முன்பின் தெரியாதவருக்குத் தன் முதுகெலும்பை எடுத்துக் காட்டுவார். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அக்கறையாகப் பார்ப்பார். ஒருநாள் சிஞ்ஞோரா என்னையும் யன்னலடிக்குக் கூப்பிட்டா. நான் இரண்டடி பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த நாள் அவ கீழ்வீட்டுக்காரியிடம், எங்களுடைய சமயத்தில் எலும்பைப் பார்ப்பது பாவமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தா. நான் திருத்தவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது வசதியாக இருந்தது.

உண்மை என்னவென்றால், என் இடது தொடைக்குள் மூன்று இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. வன்னியில் ஒரு நெல் ஆலைக்கு ட்ரக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். மிச்சப் படிப்பெல்லாம் வாசிகசாலைப் பத்திரிகையில்தான். என் மகள் தர்சினி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஆலை முற்றத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஷெல் விழுந்தது. என்னை வெட்டித் தைத்த டொக்டர், மூன்று துண்டுகள் பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கின்றன, தோண்டப் போனால் கால் போய்விடும், கிடக்கட்டும் விடு என்றார். விட்டேன். நான் ஒருநாளும் துவக்குத் தூக்கியவன் இல்லை. ஆனால் அந்த நாட்களில் ஷெல் காயம் உள்ள ஆண்பிள்ளைக்கு அதை நிரூபிக்க வழி இருக்கவில்லை. காயத்தைக் கண்டால் முதலில் கேட்பது, எந்தச் சண்டையில் பட்டது என்பதுதான். அதனால் நானும் மனைவி சறோவும் ஒரு கதை செய்தோம். ட்ரக்டர் பிரண்டு காலில் விழுந்தது. சுற்றியிருந்தவர்களுக்குச் சொன்னோம். பிள்ளை கதைக்கத் தொடங்கியதும் அவளுக்கும் அதையே சொன்னோம். பொய்யென்று தெரிந்தால் குழந்தையின் கண் காட்டிக் கொடுத்துவிடும். அவளுக்கு அது உண்மையாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தோம்.

போர் முடிந்த மாதத்தில் அந்தக் கதைக்கு வேலை வந்தது. வன்னியிலிருந்து வெளியே வந்த சனம் நீண்ட வரிசையில் நின்றது. ஆண்களைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, சட்டையைக் கழற்றி, சாரத்தை உயர்த்திப் பார்த்தார்கள். தழும்பு உள்ளவர்களை ஒரு பக்கம் எடுத்தார்கள். என் தொடையைக் கண்ட ஆமிக்காரன் என்னைக் கேட்கவில்லை. என் பின்னால் நின்ற மகளைக் கொச்சைத் தமிழில் கேட்டான், அப்பா கால் என்ன நடந்தது என்று. அவளுக்கு அப்போது பத்து வயது. “ட்ரக்டர் பிரண்டது” என்றாள். என்ன நிறம் என்று கேட்டான். “சிவப்பு” என்று யோசிக்காமல் சொன்னாள். அவள் ஏறி விளையாடிய ஆலை ட்ரக்டரின் நிறம் அது. அவன் என்னைப் போகச் சொன்னான். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரை ஒரு பக்கம் எடுத்தார்கள். அவர்களைப் பிறகு நான் காணவில்லை. நான் இன்று இருந்து இதை எழுதுவது அந்தப் பிள்ளையின் ஒரு சொல்லால். அந்தச் சொல் பொய் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பிறகு மைத்துனர் ஒருவர் உதவியால் நான் பலெர்மோ வந்து சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து அவர்கள் இருவரும் வந்தார்கள். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மகள் படித்தாள். நாங்கள் விடியவே வேலைக்குப் போய்விடுவதால் அவள் எப்படிப் படித்தாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருநாள் வந்து, சோதனை பாஸ் பண்ணிவிட்டேன், எக்ஸ்ரே எடுக்கும் தெக்னிக்கோவுக்கு மூன்று வருடம் படிக்கப் போகிறேன் என்றாள். சறோ அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். நானும் சிரித்தேன். ஆனால் என் கை தானாகவே இடது தொடையில் போய் இருந்தது. உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்க, என் பிள்ளை ஆட்களின் தோலுக்கு உள்ளே பார்க்கும் படிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அந்தப் படிப்பில் ஆளை எப்படி நிறுத்துவது, எப்படிக் கிடத்துவது என்பதே பெரிய பாடம். ஒவ்வொரு எலும்புக்கும் ஒவ்வொரு கோணம். வீட்டில் பயிற்சி செய்ய அவளுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. அம்மா கூசிச் சிரிப்பாள் என்று என்னைப் பிடித்தாள். கை, தோள்பட்டை, பாதம் என்று என்னைத் திருப்பித் திருப்பி வைப்பாள். எனக்கு அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. வளர்ந்த பெண்பிள்ளை அப்பாவின் கையைத் தொட்டுப் பிடிப்பது எங்களில் அபூர்வம். நெஞ்சுப் படம் எடுக்கும் பாடம் வந்தபோதுதான் எல்லாம் குழம்பியது.

“அப்பா, சுவரைப் பார்த்து நில்லுங்கோ. நாடியை உயர்த்துங்கோ. ரெண்டு கையையும் நாரியிலை வையுங்கோ. தோளை முன்னுக்குத் தள்ளுங்கோ.”

நின்றேன். பின்னாலிருந்து அவள் இத்தாலிய மொழியில், ஆஸ்பத்திரிக் குரலில், மூச்சை இழுங்கள், பிடியுங்கள் என்றாள். பிடித்த மூச்சு வெளியே வரவில்லை. முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

“என்னப்பா இப்பிடி ஆடுறியள்? படம் மங்கிப் போகும்.”

“குளிருது பிள்ளை.”

“ஆவணி மாசத்திலை பலெர்மோவிலை குளிருதெண்ட முதல் ஆள் நீங்கள்தான்” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இப்படியே தப்பிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் சிஞ்ஞோராவின் படுக்கையில் விழுந்த புருசனைப் பராமரிப்பதுதான் என் வேலை. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி எனக்கு நாரி நோ வந்துவிட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. குடும்ப டொக்டர் ரிசொனான்ஸா எடுக்கச் சொல்லி எழுதினார். அது எக்ஸ்ரே இல்லை, பெரிய காந்தக் குழாய்க்குள் ஆளை விட்டு எடுக்கும் படம். மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதை, தர்சினி தான் திரோச்சீனியோ, அதாவது செய்முறைப் பயிற்சி செய்துகொண்டிருந்த இடத்திலேயே கேட்டு, யாரோ வராமல் விட்ட ஓர் இடத்தை எனக்கு வாங்கி வந்தாள். தன் அப்பாவுக்குத் தன் படிப்பால் செய்த முதல் உதவி என்று அவளுக்கு அளவில்லாத பெருமை. அதே கிழமைதான் சாப்பாட்டு மேசையில் அந்தக் காந்தத்தைப் பற்றியும் சொன்னாள். திறப்புக் கோர்வை, கத்தரிக்கோல், எது கிட்டப் போனாலும் பறந்துபோய் ஒட்டுமாம். உடம்புக்குள் இரும்பு இருந்தால் அசையுமாம், சுடுமாம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கிடக்கட்டும் விடு என்ற டொக்டரின் முகம் கண்ணில் வந்தது.

படத்துக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவள் கேள்விகளைத் தமிழில் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

“இதயத்திலை மெஷின் ஏதும் வைச்சிருக்கோ?”

“இல்லை.”

“காதுக்கை ஏதும்?”

“காது நல்லாக் கேக்குது. நீ கத்தாதை.”

“கர்ப்பமாய் இருக்கிறியளோ?”

“ஓம் எண்டு போடு பிள்ளை” என்றாள் சறோ அடுப்படியிலிருந்து. “வண்டி வயித்தைப் பார்த்தால் நம்புவாங்கள்.”

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்க முன்னமே ஏழாவது கேள்வி வந்தது.

“உடம்புக்குள்ளை இரும்புத் துண்டு, வெடிச்சிதறல், ரவை ஏதும் இருக்கோ?”

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. கிட்டத்தட்ட இருபது வருடமாக எத்தனை பேருக்கு, எத்தனை மேசைகளில் சொன்ன பதில் அது. யோசிக்கத் தேவையில்லாமல் வாயில் வந்தது.

“இல்லை.”

அவள் எழுதினாள். கடைசியில் நான் கையெழுத்து வைத்தேன். எனக்கு மொழி தெரியாததால் கேள்விகளை விளங்கப்படுத்தியவர் என்று அவளும் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நடக்கும்போது சறோ மெதுவாகச் சொன்னாள். “சொல்லிப்போடுங்கோவன். உயிரோடை விளையாடாதேங்கோ. இப்ப அவளும் கையெழுத்து வைச்சிட்டாள்.”

“சொன்னால் இவங்கள் கேப்பாங்கள், எப்பிடிப் பட்டது, நீ ஆரெண்டு. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம். குவெஸ்தூராவிலை ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டாலே எனக்கு வாய் வராது.”

“இது அந்த நாடு இல்லை.”

“அது எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை.”

ஆனால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகம், அந்தக் குவெஸ்தூரா, பாதிப் பயம்தான். மற்றப் பாதியை நான் சறோவுக்கும் சொல்லவில்லை. மகளுக்கு என்ன சொல்வது? பத்து வயதில் துவக்குக்கு முன்னால் உன்னை நிறுத்திப் பொய் சொல்ல வைத்தோம் என்றா? குழந்தைக்கு உண்மையென்று கொடுத்த ஒன்றைத் திரும்பக் கேட்டு வாங்குவது எப்படியென்று எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. நாரி நோ மாறிவிட்டது, போகத் தேவையில்லை என்று இரண்டு நாள் நடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சப்பாத்துக் கட்டக் குனிந்து அப்படியே நின்றுவிட்டேன். அவள் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அங்கே அவளுக்கு மேலான தெக்னிக்கோ, சால்வோ என்று நரைத்த தாடிக்காரர். அன்பான மனிதர். முதுகுப் பக்கம் திறந்த ஒரு மெல்லிய அங்கியைத் தந்தார். நான் கூச்சத்தில் உள்ளே இரண்டு காற்சட்டை போட்டிருந்தேன். இரண்டாவதைக் கழற்றச் சொல்லும்படி அவர் தர்சினியிடம் சொல்ல, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். கழற்றும்போது தொடைத் தழும்பு வெளியே தெரிந்தது. சால்வோ அதைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார். அவள் சிறுவயதில் சொன்ன அதே வேகத்தில், ட்ரக்டர் விபத்து என்று சொன்னாள். அவருக்கு முகம் மாறியது. தன் மாமாவும் மலைக் கிராமத்தில் திராட்சைத் தோட்டத்தில் ட்ரக்டர் பிரண்டு கால் இழந்தவர் என்று சொல்லி, என் தோளைத் தட்டி, விவசாயிகளின் தலைவிதி பற்றி நீளமாகக் கதைத்தார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். காந்த அறையின் தடித்த கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னும் எட்டு அடி. செத்தால் சாவோம், பிள்ளைக்குத் தெரியாமல் போகட்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த நேரம் அதுதான் வழியாகத் தெரிந்தது.

என்னைக் கிடத்திய கட்டிலைத் தள்ளத் தொடங்கிய தர்சினி நின்றாள்.

“அப்பா, ட்ரக்டர் விழேக்கை எந்த இடம் வெட்டினது?”

“ஆருக்குத் தெரியும். பழைய கதை.”

“தகரமோ, ஆணியோ, கலப்பையோ?”

“விடு பிள்ளை. அவர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்.”

“ட்ரக்டர் முழுக்க இரும்பெல்லோ” என்றாள். எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னாள். “ஒரு துண்டு உள்ளுக்கை உடைஞ்சு நிண்டிருந்தால்? நான் இல்லையெண்டு எழுதிப்போட்டன்.”

இரும்பை மறைக்க நாங்கள் செய்த பொய்யே இரும்பால் செய்ததாக இருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கும் சறோவுக்கும் அது தோன்றியதேயில்லை. ஆமிக்காரனும் யோசிக்கவில்லை. இந்தப் படிப்புப் படித்தவளுக்குத்தான் தோன்றியது. அவள் வெளிறிப்போய்ச் சால்வோவிடம் சொன்னாள். அவர் கட்டிலைக் கதவிலிருந்து பின்னுக்கு இழுத்தார். அவளைப் பார்த்து “பிராவா”, கெட்டிக்காரி, என்றார். பிறகு டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் தொடைக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதென்று முடிவானது. அவர் பக்கத்தில் நிற்க, அவளே எடுக்கலாம்.

“வேண்டாம் பிள்ளை. எனக்கு இப்ப நாரி நோகேல்லை. வீட்டை போவம்.”

அப்பா என்ன சொல்கிறார் என்று சால்வோ அவளிடம் கேட்டார். வெட்கப்படுகிறார் என்று அவள் சொன்னாள். அவர் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையில் என்னை மேசையில் கிடத்தினாள். துணியால் மூடவேண்டியதை மூடினாள். என் காலைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தாள். மேலேயிருந்து வெளிச்சச் சதுரம் ஒன்று தழும்பில் விழுந்தது. சால்வோ கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார். இன்னும் அரை நிமிடத்தில் அவளும் போவாள். பொத்தானை அழுத்துவாள். நான் வாயைத் திறக்காவிட்டாலும் அந்தத் திரை சொல்லிவிடும். என் பிள்ளை ஒரு மெஷினிடமிருந்து அதை அறியக்கூடாது என்று மட்டும் எனக்குத் திடீரென்று பட்டது.

“பிள்ளை, அது ட்ரக்டர் இல்லை.”

வெளிச்சத்தைச் சரி செய்துகொண்டிருந்த கை நின்றது.

“ஷெல். நீ தவழ்ந்து திரியேக்கை. ஆலை முத்தத்திலை. மூண்டு துண்டு உள்ளுக்கை இருக்கு. டொக்டர் எடுக்கேலாது எண்டவர்.”

அவள் கையைக் கீழே இறக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்ப அண்டைக்கு நான் ஆமிக்காரனுக்குச் சொன்னது?”

“நீ அறிஞ்சதைத்தான் சொன்னனி. பொய் எங்கடை.”

“சிவப்பு எண்டு வேறை சொன்னன்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அசையாதேங்கோ” என்றுவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

நான் அசையவில்லை. இந்த முறை முழங்கால் நடுங்கவில்லை, ஏனென்று தெரியாது.

எழும்பி நானும் கண்ணாடிக்குப் பின்னால் போனபோது திரையில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைவிட வெள்ளையாக, கூரான ஓரங்களோடு மூன்று துண்டுகள். ஒன்று நெல் உமி போல நீளம். முதல் தடவையாக அவற்றை நான் பார்த்தேன். சால்வோ கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இது ட்ரக்டர் இல்லை என்று சொன்னார். தர்சினி, என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“குவெர்ரா” என்றேன். யுத்தம். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லை நான் அதுவரை எவருக்கும் சொன்னதில்லை. சால்வோ எந்தச் சண்டை என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. மாரி காலத்தில் நோகுமா என்று மட்டும் கேட்டார். பிறகு குந்தியிருந்து படிவத்தில் ஏழாவது கேள்விக்கு நேரே இருந்த பதிலை வெட்டி, மற்றதை எழுதி, என்னையும் மகளையும் மறுபடி கையெழுத்து வைக்கச் சொன்னார். காந்த அறைக்குள் என்னை விடவில்லை.

அதன் பிறகு பல கிழமைகள் கதவு மணி அடித்தால் நான் முதலில் யன்னலால் கீழே எட்டிப் பார்ப்பேன். பொலிஸ் வரவில்லை. பெர்மெஸ்ஸோ வழமையான தாமதத்தோடு புதுப்பித்து வந்தது. என் காலைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எங்களைப் போல இங்கே வந்து வயோதிபரைத் தூக்கிப் பராமரிக்கிறவர்கள், உடம்பில் அந்த நாட்களின் இரும்போடு பலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்தப் படிவம் உங்களிடமும் வரும். அந்தக் கேள்விக்குப் பழைய பதிலைச் சொல்லாதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தர்சினி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தாய்க்குச் சொல்வது போல எனக்குச் சொன்னாள். “என்னை வைச்சுப் பொய் சொல்லுவிச்சிருக்கினம்.”

“இல்லாட்டி உன்ரை அப்பா இல்லையடி” என்றாள் சறோ.

“அது எனக்கு விளங்குது அம்மா. பத்து வயசிலை சொல்லேலாது. பதினைஞ்சிலை சொல்லியிருக்கலாமெல்லோ. காந்தத்துக்கை போகுமட்டும் என்னத்துக்குப் பொத்திக்கொண்டு இருந்தவர்?”

நான் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அவள் ஒரு சிறிய அட்டையை என் முன்னால் வைத்தாள். இத்தாலிய மொழியில் அச்சடித்து, நனையாமல் மேலே பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தாள். என் பெயர், இடது தொடையில் மூன்று உலோகச் சிதறல்கள், காந்தப் பரிசோதனை செய்யக்கூடாது. “பெர்மெஸ்ஸோவோடை வையுங்கோ. நீங்கள் ரோட்டிலை மயங்கி விழுந்தால் கேக்கிறவைக்கு நீங்கள் இல்லையெண்டு சொல்ல முடியாமல்.” அவள் சிரிக்கவில்லை. ஆனால் அது அவளுடைய பகிடிதான் என்று எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து என் சட்டைப் பையில் இரண்டு அட்டைகள் இருந்தன.

சென்ற மாதம் சறோவின் தமக்கையின் மகளுக்குக் கலியாணம். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நானும் சறோவும் ஊருக்கு வெளிக்கிட்டோம். மகளுக்குச் சோதனை, வரவில்லை. பெட்டி கட்டி முடிந்து, விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பலெர்மோவில் அது என்னைக் காப்பாற்றும். கொழும்பில் இறங்கியதும் ஒருவன் என் பையைத் திறந்து பார்த்தால் அதே அட்டை என்ன செய்யும் என்று தெரியாது. இப்போது ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். வழியனுப்ப வந்த தர்சினி என் கையைப் பார்த்தாள். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை, சொல்லவும் இல்லை. அவளே அட்டையை வாங்கி, கழுத்தில் தொங்கிய பயிற்சி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

“வரும்வரைக்கும் என்னட்டை இருக்கட்டும். அங்கை ஆரும் காந்தத்துக்கை விடப் பார்த்தால் உடனை எனக்கு ரெலிபோன் எடுங்கோ.”

விமானத்தில் சறோ நித்திரையாகிவிட்டாள். என் கை திரும்பத் திரும்பச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே பெர்மெஸ்ஸோ மட்டும் தனியே கிடந்தது. கீழே கடல் முடியும் கரைக்கோடு தூரத்தில் தெரியத் தொடங்கியபோது, நான் எழும்பிக் கழிப்பறைக்குப் போய், காற்சட்டைக்கு மேலாகத் தொடையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து இருக்கையில் இருந்து பட்டியை இறுக்கினேன்.